பிரைட்டன் கடற்கரையில் மூன்று தினங்கள்

சென்னை மெரினாவிலும் திருச்செந்தூரிலும் மணலில் காலைப் புதைத்து நடந்து பழகியவர்களை இங்கிலாந்தில் பிரைட்டன் கடற்கரையில் கொண்டுபோய் விட்டால், "மணல் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அங்கே மணல் கிடையாது. கடல் நன்றாக உள்வாங்கும் சமயத்தில் ஓரத்தில் சிறிது தலை காட்டும். மற்றப்படி கண்ணுக்கு எட்டிய மட்டும் கூழாங்கற்கள்தாம். செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றின்மேல் நடப்பவர்களைப் பார்த்தால், சித்திரை மாதத்து உச்சி வேளையில் கோயில் பிராகாரத்தைப் பிரதட்சிணம் செய்கிறவர்களின் ஞாபகம் வரும். ஆயினும் லண்டன்வாசிகளுக்கு அந்தக் கல்லுக் கரையின்மேல் உள்ள ஆசை சொல்லி முடியாது. ஆகஸ்டு மாதக் கடைசியில் நாமும் அந்த ஆசைக்கு ஆளானோம்.

இங்கிலாந்தில் 'பாங்கு விடுமுறை' என்று ஒன்று உண்டு. பாங்குகளை மூடினால் வியாபாரம் நடவாது. வியாபாரம் நடவாவிட்டால் ஊரே சும்மா இருக்க வேண்டியதுதான். இந்தச் சுலபமான யுக்தியைக் கண்டுபிடித்து 1871-ஆம் வருஷத்தில் சட்டமாகக் கொண்டுவந்தவர் ஸர் ஜான் லப்பக் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர். அவரே ஒரு பாங்கு முதலாளி. அதோடு எறும்பு, தேனீ இவற்றைப் பற்றி ஆராய்ந்து புத்தகமும் எழுதியவர். ஓயாமல் உழைக்கும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மனிதனுக்கு ஓய்வு வேண்டுமென்று தோன்றியது விசித்திரந்தான். ஆகஸ்டு மாதத்து விடுமுறை முதலில் அம்மாதத்து முதல் திங்கட்கிழமையில் இருந்தது. 1965-ல் அதை மாதக் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தார்கள். 1971-ல் அதையே சட்டமாக்கிவிட்டார்கள். சனி, ஞாயிறோடு திங்களும் சேர்ந்து கொள்கிறதல்லவா? மூன்று நாள் கிடைத்தால் லண்டன் நகரத்தார் பாதிப் பேர் கடலைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

எங்கள் கோஷ்டியில் மூன்று குடும்பங்கள். நாமும் நம் வீட்டாரும். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கணக்கு உத்தியோகஸ்தர் ஒருவர், அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். பிறகு, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி நண்பரான ஸர்தார்ஜி. குழந்தைகளைச் சேர்த்துப் பதினொரு பேர். விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து சுமார் ஐம்பது மைல். ரயிலில் ஒரு மணி நேரப் பிரயாணம். 1841-ல் போடப்பட்ட ரயில் பாதை அது. அதற்கு முன் பிரபுக்கள் மட்டும் கோச்சு வண்டியில் போய் வந்த ஊருக்கு, அதன் பிறகு தொழிலாளியும் அரை நாள் லீவில் போய் வரலாம் என்று ஆயிற்று. நின்றுகொண்டே போனோம் என்பதைத் தவிர எங்கள் பிரயாணத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை முழுவதும் மழை. விடுதி ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு சீட்டாடினோம். இரவு சாப்பாட்டின்போது அண்ணாச்சி தமது கைத்தொலைபேசியில் வானிலை அறிக்கையைப் பார்த்து, "நாளைக்கு நல்ல வெயில், திங்களன்று மறுபடியும் மழை" என்று தெரிவித்தார். குழந்தைகள் கை தட்டினார்கள்.

அப்போது ஸர்தார்ஜி, "நாளைக் காலையில் நாம் எல்லோரும் ஊருக்கு வெளியே ஒரு குன்றுக்குப் போய் வரலாமா? நாலு மைல்தான். அங்கே ஒரு சத்ரி இருக்கிறது" என்றார்.

"சத்ரியாவது, குடையாவது! உள்ள ஒரு வெயில் நாளையும் மலையேறித் தீர்ப்பதா?" என்றார் அண்ணாச்சி. நாமும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஸர்தார்ஜி மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை சொன்னபடியே வெயில் அடித்தது. கரையில் கால் வைக்க இடமில்லை. வாடகைச் சாய்வு நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள் அப்பளம் காய்வது போல் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்டு மாதத்தில்தான் அந்தக் கடல் ஓரளவு சூடாயிருக்கும் என்கிறார்கள். அந்தச் சூட்டை, மார்கழியில் காவிரியில் விடியற்காலை ஸ்நானம் செய்தவர்கள் மட்டுமே தாங்க முடியும். அண்ணாச்சி முழங்கால் வரையில் இறங்கி, "தாமிரவருணி!" என்று ஒரு கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பினார். அது சந்தோஷத்தில் போட்ட கூச்சலா, வேதனையிலா என்று தெரியவில்லை.

இந்தக் குளிர்ந்த தண்ணீரில்தான் பிரைட்டனின் அதிர்ஷ்டம் பிறந்தது. பக்கத்து ஊர் வைத்தியர் ரிச்சர்டு ரஸ்ஸல் என்பவர் 1750-ல் கடல் நீரின் மகிமையைப் பற்றி லத்தீன் பாஷையில் ஒரு நூல் எழுதினார். குளித்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும் என்பது அவர் கட்சி. அதுவரை செம்படவர் கிராமமாயிருந்த ஊருக்கு நோயாளிகள் வந்தார்கள். நோயாளிகளைத் தொடர்ந்து நோயில்லாதவர்களும் வந்தார்கள். கடைசியில் பட்டத்து இளவரசரே வந்து சேர்ந்தார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் நம் நாட்டார். பாட்னாவில் 1759-ல் பிறந்த தீன் முகம்மது என்பவர், கம்பெனி ராணுவத்தில் இருந்துவிட்டு அயர்லாந்துக்குப் போய், 1794-ல் தமது யாத்திரைகளைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சேறிய முதல் நூல் அதுவே. 1810-ல் லண்டனில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்துப் பார்த்தார், பணம் போயிற்று. பிறகு பிரைட்டன் கடற்கரை ஓரத்தில் நீராவி ஸ்நானசாலை ஒன்றைத் திறந்து, மூலிகை ஆவியில் ஆட்களை உட்கார வைத்துக் கை கால் பிடித்துவிடலானார். கீல் வாதக்காரர்கள் ஊன்றிவந்த கோல்களை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்களாம். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரண்டு அரசர்களுக்கும் அவரே ஆஸ்தான 'ஷாம்பு' வைத்தியர். ஷாம்பு என்றால் அக்காலத்தில் உடம்பு பிடித்துவிடுவதுதான். ஹிந்தியிலிருந்து போன வார்த்தை. இன்று சீசாவில் அடைத்து நமக்கே திருப்பி விற்கிறார்கள். 1851-ல் காலமான அவர் அவ்வூரில் புனித நிக்கலஸ் கோயில் வளவில் அடக்கமாயிருக்கிறார்.

இந்தக் கதையை நாம் சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு கடற்பறவை பாய்ந்து வந்து, அண்ணாச்சியின் கையிலிருந்த வடையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. நம் ஊர்க் காக்கைக்கு உள்ள மரியாதைகூட அதற்குக் கிடையாது. காக்கை நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பிடும். ஸர்தார்ஜியின் மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்து நாற்காலிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஸர்தார்ஜி மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் பெண்மணிகள் விரும்பியபடி, பட்டத்து இளவரசர் கட்டிய 'பெவிலியன்' அரண்மனைக்குப் போனோம். வெளியே பார்த்தால் வடநாட்டு நவாப் ஒருவரின் மாளிகை. கும்மட்டங்களும் மினாரெட்டுகளும் கல்லிலே ஜாலி வேலைப்பாடுமாக நிற்கிறது. உள்ளே போனால் சீன தேசம். எங்கே பார்த்தாலும் யாளி போன்ற நாகங்கள். 1815 முதல் இதற்கு இந்த உருவத்தைக் கொடுத்த ஜான் நாஷ் என்னும் சிற்பி இந்தியாவைக் கண்டவரல்லர். படங்களைப் பார்த்துக் கட்டினார். விக்டோரியா மகாராணிக்கு இந்த வேடிக்கை பிடிக்கவில்லை. 1850-ல் நகர சபையாரிடம் விற்றுவிட்டார்.

விருந்து மண்டபத்தில் கூரையிலிருந்து ஒரு பெரிய வெள்ளி நாகம் தொங்குகிறது. அதன் நகங்களின் பிடியில் ஒரு டன் எடையுள்ள பளிங்கு விளக்கு. அதன் கீழே ஸர்தார்ஜி நின்றார். நாங்கள் அடுத்த அறைக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் தலையை நிமிர்த்தியபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஜுரத்தில் எழுதினது என்றல்லவா எங்கள் வீட்டில் சொல்வார்கள்?" என்றார்.

பிறகு விஷயம் வெளிவந்தது. அவருடைய கொள்ளுப் பாட்டனாரின் தமையனார் 1914-ல் பட்டாளத்தோடு பிரான்ஸுக்குப் போனார். மறு வருஷம் ஊருக்கு ஒரு கடிதம் வந்தது. குண்டடி பட்டதாகவும், கடலைத் தாண்டிக் கொண்டுவந்து ராஜா வீட்டில் படுக்க வைத்திருப்பதாகவும், தலைக்கு மேலே ஒரு பாம்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவதாகவும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. கடிதத்தையாவது பத்திரமாக வைத்திருந்தார்கள். 1947-ல் லயால்பூரை விட்டு ஓடிவந்தபோது அதுவும் பெட்டியோடு போயிற்று. எந்த ரெஜிமெண்டு என்பதும் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், அதே பெயருள்ள சிங்குகள் எத்தனையோ பேர்! அந்தப் பாம்புதான் மிச்சம்.

அவர் எழுதியது ஜுர வேகத்தில் அல்ல. 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரையில் இந்த அரண்மனை இந்தியப் போர் வீரர்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்தது. அரண்மனையிலும் அதை அடுத்த கட்டிடங்களிலுமாக எழுநூறுக்கு மேற்பட்ட கட்டில்கள். ஜாதி மத ஆசாரங்கள் கெடாமல் இருக்க ஒன்பது சமையலறைகள்; ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். அக்காலத்துப் புகைப்படங்களைச் சுவரில் வைத்திருக்கிறார்கள். தங்க முலாம் பூசிய தூண்களுக்கு நடுவே வரிசை வரிசையாகப் படுக்கைகள்; தலைப்பாகை கட்டிய முகங்கள் எல்லாம் படப்பெட்டியையே பார்க்கின்றன.

உபசாரத்தில் குறைவில்லை. ஆனால் அந்த உபசாரத்துக்கு வேறொரு காரியமும் இருந்தது. படங்களைப் புஸ்தகமாக அச்சடித்து, உருதுவிலும் குருமுகியிலும் விளக்கம் எழுதி, நம் நாட்டில் வழங்கச் செய்தார்கள். சக்கரவர்த்தி தம் அரண்மனையையே சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார் என்ற எண்ணம் பரவுவதில் அதிகாரிகளுக்கு ஆட்சேபம் இல்லை. அரண்மனை கைமாறி அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்று சிப்பாய்க்கு யார் சொல்வது? அதே ஊரில், ஏழைகள் விடுதியாயிருந்து ஆஸ்பத்திரியான 'கிச்சனர்' மனையில் முள்கம்பியும் காவலும் போட்டு, உத்தரவில்லாமல் ஒருவரும் வெளியே போகாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். உடம்பு தேறியவர்களில் பலர் ஊருக்கு அனுப்பப்படவில்லை. மறுபடியும் பிரான்ஸுக்குத்தான் போனார்கள். கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்ததால், வெளிப்படையாக எழுத முடியாமல், மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது, இப்போது மிளகாய் வருகிறது என்ற ரீதியில் எழுதினார்கள். மிளகு என்றால் நம்மவர். மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்.

திங்கட்கிழமை பொழுது விடியும்போதே மழை. எல்லோருக்கும் முன்னால் மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர் அண்ணாச்சிதான்.

பாட்சம் வரையில் பஸ். அதற்கப்பால் பாதை உண்டே தவிரச் சாலை கிடையாது. ஆடுகள் மேயும் புல் சரிவில், வழுக்கும் சுண்ணாம்புச் சேற்றில் ஏறினோம். மேலே சத்ரி நிற்கிறது. எட்டுத் தூண்கள்மேல் ஒரு வெள்ளைப் பளிங்குக் கும்மட்டம். இருபத்தொன்பது அடி உயரம். அதன் அடியில் மூன்று கருங்கல் பாளங்கள். பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த ஹிந்துக்களையும் சீக்கியர்களையும் அந்த இடத்தில்தான் தகனம் செய்தார்கள். அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். முந்திய நாள் நாம் வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோமே, அந்தக் கடல்தான்.

இந்த ஞாபகச் சின்னம் வேண்டுமென்று முதலில் சொன்னவர் தாஸ் குப்தா என்ற இந்திய வைத்திய இலாகா உத்தியோகஸ்தர். இதை வரைந்து கொடுத்தவர் ஹென்ரிக்வெஸ் என்ற பம்பாய் இளைஞர். 1921 பிப்ரவரி முதல் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அடுத்த யுத்தத்தின்போது சிப்பாய்கள் இதையே குறி வைத்துச் சுட்டுப் பழகினார்கள். பழுது பார்க்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும், இங்கே எரிந்தவர்கள் யார் என்று 2010 வரையில் கல்லில் ஒரு பெயரும் இல்லை. அவ்வருஷம் செப்டம்பரில்தான் பக்கத்தில் தனிக் கல் நாட்டிப் பெயர்களைப் பொறித்தார்கள். ஐம்பத்து மூன்று பெயர்கள்.

ஸர்தார்ஜி முழங்கால் மடித்து, ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டு போனார். அண்ணாச்சி அவருக்குக் குடை பிடித்தார். கடைசிப் பெயர் வரையில் போய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் தேடிய பெயர் இல்லை.

"அப்படியானால் பிழைத்துவிட்டார்" என்றான் அவருடைய மகன், சந்தோஷத்தோடு.

ஸர்தார்ஜி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பிழைத்தவர் எங்கே அனுப்பப்பட்டார் என்பதை முதல்நாள்தான் படித்திருந்தோம். பிரான்ஸில் நவ் ஷாபெல் என்ற இடத்தில், புதைத்த இடம்கூடத் தெரியாத இந்திய வீரர்கள் 4,700 பேருக்கு மேல் பெயர் பொறித்த மண்டபம் இருக்கிறது. "அடுத்த விடுமுறைக்கு அங்கே போகலாம்" என்றார் அண்ணாச்சி. யாரும் ஆட்சேபிக்கவில்லை. மழை சற்று விட்டபோது, தெற்கே ஊருக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு போலக் கடல் தெரிந்தது.

அன்று மாலை ரயிலில் இடம் கிடைத்தது. ஹேவர்ட்ஸ் ஹீத் ஸ்டேஷனைத் தாண்டியதும் ஸர்தார்ஜி ஜலந்தருக்கு அருகிலுள்ள கிராமத்தில் இருக்கும் தம் தகப்பனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே நடுநிசி நெருங்கும் நேரம். கிழவர் தூங்காமல் காத்திருந்தார் போலும். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பாம்பு இருக்கிறது, பாபுஜி. நான் பார்த்தேன்" என்றார் ஸர்தார்ஜி. சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கல்லில் பெயர் இல்லை" என்றார்.

கிழவர் ஏதோ கேட்டார். ஸர்தார்ஜி தொலைபேசியில் பிடித்து வைத்திருந்த படத்தை மகனிடமிருந்த கருவிக்கு மாற்றி, அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எல்லாப் பெயர்களையும் படிக்கச் சொல்கிறார்" என்று எங்களிடம் தெரிவித்துவிட்டு ஆரம்பித்தார். ஒரு பெயர் படிப்பார், நிறுத்துவார், அந்தப் பக்கத்திலிருந்து 'ஹாம்' என்று ஒரு குரல் வரும், அடுத்த பெயருக்குப் போவார். ஊஸ் பள்ளத்தாக்குப் பாலத்தின்மேல் வண்டி போயிற்று. பால்கம் சுரங்கத்தில் தொடர்பு அறுந்தது. வெளியே வந்ததும் கிழவரே கூப்பிட்டார். இருபத்தாறாவது பெயரில் நின்றதாக ஞாபகமாகச் சொன்னார். ஸர்தார்ஜி இருபத்தேழிலிருந்து படித்தார். அண்ணாச்சி, தூங்கி விழுந்த தம் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையை அசைத்துக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தார். கேட்விக் ஸ்டேஷனில் பெட்டியும் படுக்கையுமாகக் கூட்டம் ஏறியபோது இன்னும் ஒன்பது பெயர்கள் பாக்கியிருந்தன.