வைஃபையில் பேசினால் குரல் ஏன் விட்டு விட்டு வருகிறது?



என் அப்பா குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பேசினார். "இந்த மாசம் வர..." என்று கேட்டது. அப்புறம் கரகரவென்று சத்தம். அப்புறம் "உடம்பப் பாத்துக்கோங்க" என்று கேட்டது. கட் ஆகிவிட்டது. அப்பா வருகிறார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். ஆயா ஒரு கோழியைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்து வைத்தார்கள். சாமை குத்தி வைத்தார்கள். போகிக்கு முந்தின நாள் போளூரிலிருந்து வரும் கடைசி பஸ் போகும் வரை நானும் தம்பியும் ரோட்டிலேயே நின்றோம். அப்பா சொன்னது "இந்த மாசம் வர முடியாது" என்பதாம். காப்பிப் பழம் பறிக்கிற சமயம், லீவு கிடையாது. 'முடியாது' மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

எங்கள் வீட்டுக்குள் டவர் சிக்னல் வராது. பக்கத்தில் மாமா கடை இருக்கிறது, அங்கே வைஃபை உண்டு. பாஸ்வேர்டு தந்திருக்கிறார், அதில்தான் பேசுகிறோம். அதே வைஃபையில் தம்பி கார்ட்டூன் பார்த்தால் நிற்காமல் ஓடுகிறது. பேச்சு மட்டும் ஏன் உடைகிறது? "ஸ்பீடு பத்தல, பெரிய பிளான் போடணும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அது சரியில்லை. குரல் போய்வர நொடிக்கு 100 கிலோபிட் அளவு இருந்தாலே போதும். கார்ட்டூனுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். கார்ட்டூனே ஓடுகிறது என்றால் குறை ஸ்பீடில் இல்லை.

நாம் பேசுவதை போன் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. பொதுவாக ஒரு நொடிப் பேச்சு 50 துண்டு. இதை இப்படி நினைத்துப் பாருங்கள். கார்ட்டூன் என்பது கரும்பலகையைப் பார்த்து எழுதுவது. ஒரு வரி விட்டுப்போனால் திரும்பப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். போனும் முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளும். வராத துண்டை மறுபடி கேட்டும் வாங்கும். பேச்சு அப்படி இல்லை, அது டிக்டேஷன். ஒரு சொல் விட்டுப்போனால் போனதுதான், டீச்சர் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். தாமதமாக வந்த துண்டையும் போன் தூக்கிப் போட்டுவிடும். ஒரு பக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள் குரல் சேர்ந்தால்தான் பேச்சு நன்றாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. அதற்கு மேல் போகப் போக "நீ சொல்லு, நீ சொல்லு" என்று இரண்டு பேரும் மோதிக்கொள்வோம்.

அப்படியானால் துண்டு எங்கே விழுகிறது? இதுதான் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது. நான் போனை எடுத்துக்கொண்டு மாமா கடைக்குள் போய், வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று போளூர் சித்தியிடம் பேசினேன். கண்ணாடி மாதிரி தெளிவு! பேசிக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன். உடைய ஆரம்பித்தது. ஆகவே வெளியிலிருந்து வரும் ஒயரில் குறை இல்லை, பெட்டிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில்தான். (பெட்டி பக்கத்திலும் உடைந்தால், ஒயர்க்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.)

பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். கீழ்த்தட்டில், எண்ணெய் டின்களுக்கும் தண்ணீர் கேன்களுக்கும் பின்னால்! வைஃபை அலையைத் தகரம் திருப்பி அடித்துவிடும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நம் மலையில் காவலூரில் 1986-இல் திறந்த பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, 2.3 மீட்டர் கண்ணாடி உள்ளது, எத்தனையோ ஆண்டுகள் பயணம் செய்து வரும் நட்சத்திர ஒளி அதில் வந்து விழுகிறது. ஆனால் மேகம் மூடினால் அன்று ஒன்றும் தெரியாது. ஒளியும் வைஃபையும் ஒரே குடும்பத்து அலைகள்தான். குடகிலிருந்து மலையெல்லாம் தாண்டி வந்த அப்பா குரலை மாமாவின் கடலை எண்ணெய் டின் நிறுத்திவிட்டது. மாமாவிடம் கெஞ்சி, பெட்டியை எங்கள் வீட்டுப் பக்கத்து ஜன்னலுக்கு மேலே ஆணி அடித்து மாட்ட வைத்தேன்.

இன்னொன்று. அந்தப் பெட்டி இரண்டு பெயர் காட்டும், ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருக்கும். அது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் என்று அர்த்தம். வேகம் உண்டு, ஆனால் சுவர் தாண்டும் சக்தி குறைவு. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ், வேகம் குறைவு, சுவரைக் கொஞ்சம் நன்றாகவே தாண்டும். அம்மா போன் முதல் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றினேன்.

அப்படியும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தொல்லை. அப்பா பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. ஒரு பக்கம் மட்டும் கெட்டால் மேலே அனுப்பும் வழி அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். விசாரித்தால், மாமா மகன் அந்த நேரத்தில்தான் எடுத்த வீடியோவை எல்லாம் ஏற்றுவான். ஒற்றையடிப் பாதையில் மாட்டு வண்டி நின்றால் பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னேன். முறைத்தான், ஆனால் கேட்டுக்கொண்டான்.

டவர் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருக்கும் வீட்டில் போன் டவருக்கும் வைஃபைக்கும் மாறி மாறித் தாவும், அப்போதும் பேச்சு அறுபடும். ஏரோபிளேன் மோடு போட்டு, அப்புறம் வைஃபையை மட்டும் ஆன் செய்தால் தாவாது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங் கொண்டுவந்தன. அது உங்கள் போனில் இருந்து, ஆன் செய்தும் இருந்தால் சாதாரண நம்பர் போனும் வைஃபை வழியாகவே வரும். இல்லாவிட்டால் பேசி முடித்ததும் ஏரோபிளேன் மோடை எடுத்துவிடுங்கள். மறந்தால் வீட்டில் திட்டு விழும், எனக்கு விழுந்தது.

இவ்வளவு செய்தும் சில நாள் குரல் உடைகிறது. அன்றைக்குச் சித்தியிடம் பேசிப் பார்ப்பேன், தெளிவாக இருக்கும். அப்படியென்றால் குறை அப்பா பக்கம். தோட்டத்து லைன் வீட்டில் சிக்னல் அவ்வளவுதான், அதை இங்கிருந்து நான் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தேதி, பணம், மருந்து பெயர் எதுவானாலும் பேச்சில் சொல்லாமல் வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லிவிட்டேன். அது கரும்பலகை மாதிரி. விட்டுப்போன துண்டைக் கேட்டு வாங்கி, முழுசாகத்தான் வந்து சேரும். கொஞ்சம் லேட் ஆகும், அவ்வளவுதான்.

போன வாரம் ஒன்று வந்தது. "வர்ற பத்தாம் தேதி வரேன், கடைசி பஸ்சுல வரேன்" என்று அப்பா சொன்னார். ஆயா அதை நான்கு தடவை போடச் சொல்லிக் கேட்டார்கள். அப்புறம்தான் கோழியைப் பிடிக்கப் போனார்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி