பிழையின்றி வாக்கியம் அமைப்போம்!

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த் தாளுக்கு 100 மதிப்பெண். அதில் கடிதமும் கட்டுரையும் நாமே சொந்தமாக எழுத வேண்டியவை. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

சென்ற கோடை விடுமுறையில் எதிர்வீட்டு ஆயா, உதவி கேட்டு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். "நோயுற்ற என் மகளின் கணவருக்கு வேலை இல்லை" என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மனுவைப் படித்தவர், "நோய் மகளுக்கா, மருமகனுக்கா?" என்று கேட்டாராம். ஆயா வெயிலில் திரும்பி வந்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

'நோயுற்ற' என்பது பெயரெச்சம். அது மகளைத் தழுவுகிறதா, கணவரைத் தழுவுகிறதா என்பது அவ்வாக்கியத்தில் தெளிவாக இல்லை. "என் மகள் நோயுற்றிருக்கிறாள். அவள் கணவருக்கு வேலை இல்லை" என்று இரண்டாக உடைத்தேன். ஐயம் தீர்ந்தது.

அதற்காக எல்லாவற்றையும் உடைத்துவிடவும் கூடாது. நம் பக்கத்து வரலாற்றையே பாருங்கள்: "ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அது கீழூரில் நடந்தது. அது 1954 அக்டோபர் 18 அன்று நடந்தது. அதில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர்." தத்தித் தத்தி நடக்கிறதல்லவா? 'நடந்தது' என்னும் முற்றை 'நடந்த' என்னும் எச்சமாக்கினால், "1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர்" என ஒரே வாக்கியமாகிவிடும். ஆனால் வாக்கியம் நீண்டதும் எழுவாயை மறந்து, 'வாக்களித்தது' என்று முடிப்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. எழுவாய் '170 பேர்'. ஆகவே பயனிலையும் பலர்பாலில்தான் வர வேண்டும்.

அடுத்து ஒற்றுப்பிழை. இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், தமிழுக்குத் 'தொன்னூல் விளக்கம்' என்னும் ஐந்திலக்கண நூலையே எழுதினார். நமக்கோ வல்லினம் மிகுமா, மிகாதா என்றாலே நடுக்கம்! 'வேலை கொடுங்கள்' என்றால் பணி கேட்கிறோம். 'வேலைக் கொடுங்கள்' என்றால் வேலாயுதத்தைக் கேட்கிறோம். இங்கே வேல் என்னும் சொல்லோடு 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாகச் சேர்ந்திருப்பதால் 'க்' மிகுந்தது. ஆயாவின் மருமகனுக்கு நான் வேல் கேட்காமல் விட்டேனே, அதுவரை நல்லது!

திருத்திய மனுவை மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகே ஆயாவிடம் கொடுத்தேன். தேர்வறையில் வாய்விட்டுப் படிக்க முடியாது. ஆகவே, உதடசையாமல் படித்துப் பிழை பார்க்க இப்போதே பழகி வருகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, நெட்டப்பாக்கம்