சமுதாய வானொலியின் சக்தி வரம்பு

நூறு வாட் என்பது ஒரு பழைய குண்டு விளக்கு எரிவதற்கு வேண்டிய மின்சக்தி. நம் நாட்டின் சமுதாய வானொலி நிலையங்கள் பெரும்பாலும் அந்த அளவைக் கொண்டே தம் சுற்றுப்புற ஊர்களுடன் பேசுகின்றன. அகில இந்திய வானொலியின் பெருநகரப் பண்பலை ஒலிபரப்பிகள் கிலோவாட் கணக்கில் இயங்குபவை. அவற்றோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய முயற்சியே. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இவ்வகையின் முதல் நிலையம் தொடங்கியது. 2008 அக்டோபரில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்து மச்னூர் என்னும் சிற்றூரில், தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி ஒலிக்கலாயிற்று. 2024ஆம் ஆண்டில் இத்தகைய நிலையங்களின் எண்ணிக்கை ஐந்நூறை நெருங்கியது.

ஒரு நிலையம் மக்களிடையே வேரூன்றியதும் எழும் கோரிக்கை, சக்தியைக் கூட்டவேண்டும் என்பதே. எட்டாவது கிலோமீட்டரில் உள்ள ஊரில் விதை நேர்த்தி பற்றிய பேச்சு தெளிவாகக் கேட்கிறது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இரைச்சலே மிஞ்சுகிறது. இரண்டு ஊர்களும் ஒரே சந்தைக்குச் செல்பவை. ஒரே பேச்சு வழக்கினை உடையவை. ஓர் ஊருக்குக் கிடைக்கும் செய்தி மற்றதற்கு ஏன் கிடைக்கலாகாது என்னும் கேள்வி நியாயமானது. எனினும் அரசு இதற்கு எளிதில் இணங்குவதில்லை. அதற்குரிய காரணங்களை ஆராய்வோம்.

விதியும் விலக்கும்

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பு, வானொலியில் அரசின் தனியுரிமைக்கு முடிவு கட்டிய அடிப்படைகளுள் ஒன்று. பொதுச் சொத்து என்றால் அதனைப் பங்கிடுவதற்கு ஒரு முறை வேண்டும். 2006 நவம்பரில் வெளியான சமுதாய வானொலிக் கொள்கை நெறிமுறைகள், ஒரு நிலையம் 5 முதல் 10 கிலோமீட்டர் வரையுள்ள பரப்புக்குப் பணிபுரிய வேண்டுமென்றும், அதற்கு 100 வாட் போதுமென்றும் வகுத்தன. ஆண்டெனாவின் உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மிகாமலும், கதிர்வீச்சினால் தீங்கு நேராதிருக்க 15 மீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். பரந்த பரப்புக்குப் பணியாற்றும் தேவையையோ நிலத்தின் தன்மையால் எழும் தேவையையோ மெய்ப்பிக்கும் நிலையத்துக்கு மட்டும் 250 வாட் வரை தனித்தனியே பரிசீலித்து அனுமதிக்கலாம். இதற்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகச் செயலாளர் தலைமையிலான குழுவின் ஒப்புதல் தேவை. அலைவரிசையும் கிடைத்தாக வேண்டும்.

இங்கே வாட் என்பது ஒலிபரப்பிப் பெட்டியின் சக்தியன்று. ஆண்டெனாவிலிருந்து அடிவானத்தை நோக்கிச் செல்லும் பயனுறு கதிர்வீச்சுச் சக்தி. மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். 50 வாட் ஒலிபரப்பியை எடுத்துக்கொள்வோம். கேபிளில் ஒரு டெசிபல் இழப்பு நேர்ந்தால் ஏறத்தாழ 40 வாட் ஆண்டெனாவை அடையும். வானத்துக்கு வீணாகச் செல்லும் கதிர்களைக் கிடைமட்டத்தில் குவிக்கும் ஆண்டெனாவின் ஆதாயம் நான்கு டெசிபல் எனில், அந்த 40 வாட் 100 வாட்டுக்கு நிகராகிவிடுகிறது. ஆதலால் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு வரம்பு காக்கப்படுகிறது என்று எழுதும் ஆய்வறிக்கை முழுமையானதன்று.

இரண்டரை மடங்கு சக்தி, கால் பங்கு தூரம்

சக்தியை 100 வாட்டிலிருந்து 250 வாட்டாக உயர்த்தினால் பத்துக் கிலோமீட்டர் இருபத்தைந்தாக நீளும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை. அலையின் புலவலிமை சக்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயர்கிறது. மேலும், நேரே வரும் அலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்வதால், சமவெளியில் சற்றுத் தொலைவுக்கு அப்பால் புலவலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், பத்துக் கிலோமீட்டர் பன்னிரண்டரை கிலோமீட்டராகும், அவ்வளவே. தூரத்தை இரு மடங்காக்கப் பதினாறு மடங்கு சக்தி, அதாவது 1,600 வாட் வேண்டும்.

ஆண்டெனாவின் உயரத்தை 15 மீட்டரிலிருந்து 30 மீட்டராக்கினாலோ, புலவலிமை இரு மடங்காகிறது. இது சக்தியை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். விதி அனுமதிக்கும் உயரத்தைப் பயன்படுத்தாமல் கூடுதல் வாட் கேட்டு மனுச் செய்வது, கிணற்றைத் தூர்வாராமல் பெரிய பம்புசெட்டு கேட்பது போன்றது.

இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. கிராமப்புறத்தில் ஸ்டீரியோ ஒலிபரப்பைத் தெளிவாகக் கேட்க மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட் புலவலிமை வேண்டுமென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒற்றை ஒலித்தட ஒலிபரப்பாகிய மோனோவுக்கு அதிற் பாதியான 250 போதும். ஆகவே மோனோவுக்கு மாறும் நிலையம், ஒரு பைசாச் செலவின்றி, நான்கு மடங்கு சக்தியின் பயனை அடைகிறது. குழுவின் ஒப்புதலைப் பெற்று 250 வாட்டுக்குச் செல்லும் நிலையம் அடைவதோ இரண்டரை மடங்குதான். உழவர் பேட்டியும் சந்தை விலையும் ஒலிபரப்புவோருக்கு இரண்டு ஒலித்தடங்கள் எதற்கு?

மறுபக்கத்து ஊர்

பண்பலைக்குரிய 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமர்த்தினால், ஓரிடத்தில் சுமார் 25 நிலையங்களுக்கே இடமுண்டு. அகில இந்திய வானொலியும் தனியார் நிறுவனங்களும் பெரும்பகுதியைப் பயன்படுத்துவதால், சமுதாய வானொலிக்கு 90.4, 90.8, 107.8 போன்ற ஒருசில அலைவரிசைகளே மாறிமாறி நாடெங்கும் ஒதுக்கப்படுகின்றன. ஓர் அலைவரிசையைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்ள முடிவது ஒவ்வொன்றும் அடக்கமாக ஒலிப்பதனால்தான்.

ஒரே அலைவரிசையில் இயங்கும் வேறொரு நிலையத்தின் இடையூறின்றி ஸ்டீரியோ ஒலியைக் கேட்க வேண்டுமானால், கேட்க விரும்பும் அலை இடையூறு தரும் அலையைவிட 45 டெசிபல், அதாவது சக்தியில் முப்பதாயிரம் மடங்குக்கும் மேல், வலிமையுடன் இருத்தல் வேண்டும். இதனால் ஒரு நிலையத்தின் ஒலி கேட்கும் வட்டத்தைவிட அது இடையூறு விளைவிக்கும் வட்டம் பன்மடங்கு பெரிது. சக்தியைக் கூட்டும்போது முதல் வட்டம் இரண்டரை கிலோமீட்டர் விரிகிறது. இரண்டாவது வட்டமும் விரிந்து, அண்டை மாவட்டத்தில் இயங்கும் நிலையத்தின் எல்லையோரக் கிராமங்களை விழுங்கக்கூடும். இன்னும் தொடங்கப்படாத நிலையத்தின் இடமும் பறிபோகலாம். அதன் சார்பில் மனுச் செய்ய இன்று எவரும் இல்லை. அனுமதி வழங்கும் அதிகாரியே அந்த ஊருக்காகவும் சிந்திக்க வேண்டியவர். 107.8 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. 108க்கு மேல் விமானங்கள் தரையிறங்க உதவும் வழிகாட்டி அலைகள் தொடங்கிவிடுகின்றன.

மலையும் கடலும்

மேற்கண்ட கணக்குகள் சமவெளிக்கு உரியவை. கடற்கரையில் நிலைமை வேறு. பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை போன்ற நிலையத்தின் நேயர்களுள் ஒரு பகுதியினர் படகுகளில் இருப்பவர்கள். அவர்களுக்குப் புயல் எச்சரிக்கை எட்டுவதும் எட்டாமற் போவதும் உயிர்ப் பிரச்சினை. கூடுதல் சக்திக்கு இதனினும் வலுவான காரணம் இருத்தல் அரிது. ஆனால் கடலின் மேல் வெப்பமும் ஈரப்பதமும் அடுக்குகளாக அமையும் நாட்களில், அலைகள் குழாய்க்குள் செல்வதுபோல் வெகுதொலைவு சென்றுவிடும். நீரிணைக்கு அப்பால் இலங்கையின் ஒலிபரப்புகளும் உள்ளன. இத்தகைய இடத்தில் எல்லாத் திசைகளுக்கும் சக்தியைக் கூட்டுவதைவிட, மீன்பிடி பரப்பை நோக்கி மட்டும் குவிக்கும் ஆண்டெனா பொருத்தமானது.

மலைப்பகுதியிலோ நம் விதியின் குறை வெளிப்படையாகத் தெரிகிறது. 30 மீட்டர் என்பது தரையிலிருந்து அளக்கப்படுகிறது. கட்வால் மலைத்தொடரின் முகட்டில் நிற்கும் 30 மீட்டர் ஆண்டெனா, கீழேயுள்ள பள்ளத்தாக்கை நோக்க நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் இருப்பதாகும். அதன் 100 வாட் பல மாவட்டங்களுக்குச் செல்லலாம். பள்ளத்தாக்கின் அடியில் உள்ள நிலையமோ மூன்றாவது கிலோமீட்டரிலேயே பாறையில் மோதி நின்றுவிடும். அதற்கு 250 வாட் கொடுத்தாலும் பாறையைத் துளைக்க இயலாது. இருவருக்கும் வரம்பு ஒன்றே.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய குறைசக்தி வானொலித் திட்டத்தில், சுற்றியுள்ள நிலத்தின் சராசரி மட்டத்திலிருந்து ஆண்டெனா உயரம் கணக்கிடப்படுகிறது. அவ்வுயரம் 30 மீட்டரைத் தாண்டினால் 100 வாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பணிவட்டம் சுமார் 5.6 கிலோமீட்டர் என்பதே அங்கு அடிப்படை. நாமும் வாட் எண்ணிக்கையைவிடச் சென்றடையும் பரப்பை அளவுகோலாகக் கொள்வது முறையென்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அவ்வாறு செய்தால் முகட்டு நிலையத்தின் சக்தி குறையக்கூடும், சமவெளி நிலையத்துக்குச் சிறிது கூடக்கூடும்.

மனுவில் இருக்கவேண்டியவை

கூடுதல் சக்தி கோரும் நிலையம், ஒலி எட்டாத ஊர்களின் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளலாகாது. எட்டுத் திசைகளிலும் புலவலிமையை அளந்து, ஆண்டெனாவின் உயரத்தையும் கேபிளின் இழப்பையும் குறித்து, மோனோவில் ஒலிபரப்பிப் பார்த்த விளைவையும் தரவேண்டும். நீர் புகுந்த கேபிள் இணைப்பு ஒன்று பாதிச் சக்தியைத் தின்றுவிடும். அதனைச் சரிசெய்தபின் மனுவே தேவையற்றுப் போகலாம். அனுமதியின்றிச் சக்திப் பெருக்கியைப் பொருத்துவோரும் உண்டு. மலிவான பெருக்கிகள் இரு மடங்கு அதிர்வெண்ணிலும் கசியும், 90.4 மெகாஹெர்ட்ஸின் இரு மடங்கு தொலைக்காட்சிப் பட்டைக்குள் விழுகிறது.

எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் பன்னிரண்டாவது கிலோமீட்டர் ஊர் விடுபடுமானால், 250 வாட்டுக்கான குழு இருக்கவே இருக்கிறது. அதற்கும் அப்பாலுள்ள ஊர்களுக்கு வேறு வழி திறந்திருக்கிறது. பல மாவட்டங்களில் பணிபுரியும் லாபநோக்கற்ற அமைப்பு, வெவ்வேறு மாவட்டங்களில் ஆறு நிலையங்கள் வரை அமைத்துக்கொள்ள 2024ஆம் ஆண்டின் நெறிமுறைகள் இடமளித்துள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் தன் ஊரில் தன் மக்களைக் கொண்டே நிகழ்ச்சி தயாரிக்க வேண்டியிருக்கும்.