ஒன்றரைக் கிலோ உப்பு

உங்கள் சிறுநீரகங்கள் இன்று ஒரே நாளில் கையாளப்போகும் உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சாப்பாட்டில் சேரும் உப்பு அதில் மிகச் சிறு பங்குதான். மீதியெல்லாம் ஏற்கெனவே ரத்தத்தில் கரைந்திருப்பது.

இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே மூன்று லிட்டர்தான். அதே நீர் ஏறத்தாழ 60 தடவை திரும்பத் திரும்ப வடிகட்டப்படுகிறது. அதிலுள்ள சோடியத்தை உப்புக் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு எட்டு கிராம் சொச்சம். பெருக்கிப் பாருங்கள். வடித்ததெல்லாம் அப்படியே வெளியேறினால் அரை மணி நேரத்துக்குள் ரத்தம் வற்றிவிடும். ஆனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் வரிசையாக இருக்கும் செல்கள் அந்த உப்பில் 99 சதவீதத்தை மீட்டு ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. உப்பின் பின்னாலேயே நீரும் திரும்புகிறது.

இந்த வேலையைச் செய்யும் புரதத்தை டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கௌ நண்டின் நரம்பில் கண்டறிந்து 1957இல் வெளியிட்டார்; 40 ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு பெற்றார். மூன்று சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் பம்பு அது. சிறுநீரகம் செலவிடும் ஆக்சிஜனில் பெரும்பகுதி சோடியத்தை மீட்பதற்கே போகிறது.

இத்தனை சிக்கனம் எதற்கு? தாவரங்களில் சோடியம் மிகக் குறைவு. உப்பு அரிதாகக் கிடைத்த நிலத்தில் வாழ்ந்தவர்களின் உடம்பு இது. அமேசான் காட்டின் யனோமாமி மக்கள் இன்னும் அப்படியே வாழ முடியும் என்று காட்டியவர்கள். 32 நாடுகளில் பத்தாயிரம் பேரை ஆராய்ந்து 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில், யனோமாமி மக்களின் ஒரு நாள் சிறுநீரில் வெளியேறிய சோடியம், உப்பாகக் கணக்கிட்டால், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குதான். வேட்டையாடுகிறார்கள், பிள்ளை பெற்றுப் பாலூட்டுகிறார்கள். அவர்களுடைய சராசரி மேல் ரத்த அழுத்தம் 100ஐத் தொடவில்லை. வயது கூடியும் அது ஏறவில்லை. அவர்களிடம் உடல் பருமனும் மதுவும் கிடையாது என்பதால் எல்லாப் பெருமையையும் உப்பின்மைக்கே கொடுப்பது நியாயமாகாது. ஆனாலும் இந்தச் சித்திரம் என்னை அசைத்துவிட்டது.

சேமித்தே பழகிய உறுப்பிடம் நாம் தினமும் தாராளமாகக் கொட்டுகிறோம். மிஞ்சிய உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது. ரத்தத்தின் கன அளவு கூடுகிறது. அழுத்தம் ஏறினால்தான் கூடுதல் உப்பை வெளியேற்ற முடியும் என்ற நிலைக்குப் பலருடைய சிறுநீரகங்கள் வயதாக ஆக வந்துவிடுகின்றன. பக்கவாதமும் மாரடைப்பும் அந்த வழியில்தான் நெருங்குகின்றன.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பார், ரசம், பொரியல் என்று தனித்தனியே உப்புப் போடும் நம் சமையலில் அது மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிடலாம். முதலில் கை வைக்க வேண்டியது ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றில். சில வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும். வெயிலில் வியர்க்க உழைப்பவர்கள், வயிற்றுப்போக்கில் வாடுபவர்கள் இழந்த உப்பை ஈடுகட்டத்தான் வேண்டும்.

இந்துப்புக்கு மாறிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காததை வாங்கினால் அந்த நன்மையும் போய்விடும். பொட்டாசியம் கலந்த உப்பில் சோடியம் குறைவு என்பது உண்மை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் அதைத் தொடக் கூடாது.