மடித்து வைத்த கருப்பு அங்கி

நம் தெருவில் ஒரு பெண் சட்டம் படித்து முடித்தால் அது அந்த வீட்டின் பெருமையோடு நிற்பதில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதித் தரவும், பட்டா விவகாரத்துக்குத் தாலுகா அலுவலகம் வரவும் இனி நமக்கென்று ஓர் ஆள் இருக்கிறது என்று ஊரே நம்புகிறது. அதே பெண் குழந்தை பெற்று இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டால் கருப்பு அங்கி பெட்டிக்குள் போய்விடுகிறது. பலருக்கு அது திரும்ப வெளியே வருவதே இல்லை. இந்த இழப்பைப் பற்றி நாம் பேசுவதும் இல்லை.

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் தொழிலாளர் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை அண்ணல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். மறு ஆண்டே அங்கு சட்டம் வந்தது. இன்று நாடு முழுவதும் உள்ள சட்டப்படி, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் வழக்கறிஞர் சொந்தத் தொழில் செய்பவர். அவருக்கு முதலாளி இல்லை; அதனால் விடுப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருக்கும் வீட்டில் அலுவலகமும் கட்சிக்காரர்களும் காத்திருப்பார்கள். முதல் தலைமுறையாகப் படித்து வந்த தலித் பெண்ணுக்காகக் காத்திருக்க யாரும் இல்லை.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிக்கொள்வோம். குழந்தைக்காக வீட்டில் இருந்ததால் மட்டும் பார் கவுன்சில் பதிவு ரத்தாகிவிடாது. முழுநேரச் சம்பள வேலைக்குப் போயிருந்தால்தான் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். திரும்பி வருபவர்கள் தொழில் சான்று சரிபார்ப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து, வக்கீல் தொழில் என்றால் தினமும் காலையில் நீதிமன்ற வாசலில் நிற்பது மட்டுமே என்ற எண்ணத்தை விட வேண்டும். நேரத்தை ஓரளவு நாமே வகுத்துக்கொள்ளக்கூடிய வேலைகள் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியல் அதில் முதலாவது. பொதுவாக 3 ஆண்டு தொழில் அனுபவம் கேட்பார்கள். பட்டியலில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் தரலாம் என்று 2010-ம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. கட்டணம் குறைவுதான். ஆனால் தேடித் திரியாமல் வழக்கு கைக்கு வரும். விட்டுப்போன பழக்கமும் திரும்பும்.

இரண்டாவது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. மாவட்டந்தோறும் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவின் நியமன உறுப்பினர்களில் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லது சிறுபான்மையினரைச் சேர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும். சட்ட அறிவு உள்ளவருக்கு முன்னுரிமை. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களில் இருந்து வரும் புகாரும், வீட்டு வேலை செய்யும் பெண்களின் புகாரும் இந்தக் குழுவுக்குத்தான் போகின்றன. அந்தப் பெண்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, நோட்டரி. பொதுவாக 10 ஆண்டு தொழில் அனுபவம் தேவை. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் 7 ஆண்டு போதும். வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டே செய்யக்கூடிய வேலை இது. இவை தவிர மனு, நோட்டீஸ், பத்திரம் எழுதித் தருவதைக் குழந்தை தூங்கும் நேரத்திலும் செய்யலாம். இப்போது வழக்குகளை இணையம் வழியாகத் தாக்கல் செய்யும் வசதியும் வந்திருக்கிறது.

மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகத் திரும்புகிறவர்களும் வெறுங்கையோடு உழைக்க வேண்டியதில்லை. சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20,000, மற்ற ஊர்களில் ரூ.15,000 குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்பதற்குத் தயங்கக் கூடாது.

இதெல்லாம் அந்தப் பெண்ணின் பிழைப்புக்காக மட்டும் சொல்வதல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள 15-ஏ பிரிவு என்ன சொல்கிறது? எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். ஆனால் கூலி வேலையை விட்டு நீதிமன்றம் வந்து நிற்கும் அம்மாவுக்கு எப்போது எழுந்து என்ன பேசுவது என்று தெரியாது. பக்கத்தில் ஒரு வக்கீல் இல்லாவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞரைச் சட்டம் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது வந்து நிற்பவர் நம் தெருவின் பேச்சும் பயமும் தெரிந்த பெண்ணாக இருந்தால், சொல்லத் தயங்கியதையும் அந்த அம்மா சொல்வார்.

ஆகவே மூன்று பேரிடம் நம் வேண்டுகோள். சங்கங்களும் மூத்த வழக்கறிஞர்களும் இடைவெளி விட்டு வரும் பெண்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலையாவது கொடுங்கள். நீதிமன்ற வளாகத்தில் குழந்தையை விட்டுவர ஓர் அறை கேளுங்கள். சட்டம் படிக்கும் தங்கைகளே, படிக்கும்போதே சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்து ஆணைக்குழு அலுவலகத்தை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். பின்னாளில் திரும்பிவர ஒரு கதவு திறந்திருக்கும். வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: மருமகளைப் படித்தவள் என்று சொல்லிப் பெண் எடுத்தீர்கள். வாய்தா நாளில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பகல் போதும், அன்று நீதிமன்றத்தில் ஒரு குடும்பம் தனியாக நிற்காது.