காட்டில் வழி தவறியவரைத் தேடும் தொண்டு



நம் தோட்டங்களில் பல காட்டை ஒட்டியே அமைந்திருக்கின்றன. கடைசி நிரை முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. மீன் பிடிக்கவும் மூங்கில் வெட்டவும் நம்மவர்கள் உள்ளே போய் வருவது வழக்கம். போனவர் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை என்றால் என்ன நடக்கிறது? லயமே திரண்டுவிடுகிறது. டார்ச் லைட்டும் கத்தியுமாக இளைஞர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். அவர்களுடைய நல்ல மனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காட்டில் தேடுவதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறையைக் கற்றுத் தேடும் குழுவில் தொண்டராகச் சேருவது பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், நமது காடு எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். பத்தடி தள்ளி ஒருவர் மயங்கிக் கிடந்தாலும் கண்ணில் படமாட்டார். ஓடையின் இரைச்சல் கூப்பிடும் குரலை விழுங்கிவிடும். 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற ஜிம் தாம்ஸன் என்னும் அமெரிக்கர், கேமரன் மலையில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே சென்றார். திரும்பி வரவே இல்லை. போலீசாரும் படைவீரர்களும் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒராங் அஸ்லி மக்களும் பல நாள் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிரம்பானுக்கு அருகே ஒரு விடுதியிலிருந்து காணாமற்போன 15 வயது வெளிநாட்டுச் சிறுமியை நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். பத்தாம் நாள், விடுதியிலிருந்து ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஓர் ஓடையருகே அந்தச் சிறுமியின் உடல் கிடைத்தது. அதைக் கண்டவர்கள் தேடுதலுக்கு உதவ வந்த தொண்டர்களே. இத்தகைய வேலையில் தொண்டர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது இதிலிருந்து விளங்கும்.

தேடும் முறை என்று சொன்னோம் அல்லவா? அது கடைசியாக ஆளைக் கண்ட இடத்தில் தொடங்குகிறது. வழி தவறியவர் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்தத் திசையில் போனார் என்பது தெரியாது. ஆகவே ஒரு மணி நேரம் கழித்துத் தேட வேண்டிய பரப்பு ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர். மூன்று மணி நேரம் கழித்து அதுவே 28 சதுர கிலோமீட்டராகிவிடுகிறது. நேரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகிறது! இதனால்தான் உடனே 999 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறோம். 24 மணி நேரம் பொறுத்த பிறகுதான் போலீசில் புகார் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம்.

அடுத்தபடியாக, ஆளைக் கடைசியாகக் கண்ட இடத்தை யாரும் மிதிக்காமல் காக்க வேண்டும். அங்கே பதிந்த காலடி, ஒடிந்த கிளை, விழுந்த செருப்பு ஆகியவை அவர் போன திசையைச் சொல்லும். ஐம்பது பேர் ஓடி மிதித்துவிட்டால் அந்தச் செய்தி அழிந்துபோகும். பிறகு, காட்டிலிருந்து வெளியே வரும் பாதைகளில் ஆள் நிறுத்துவார்கள். சிறு குழுக்கள் பாதைகளிலும் ஓடைக்கரைகளிலும் முதலில் விரைந்து பார்க்கும். அதன் பின்னரே, வரிசையாக நின்று இடம் விடாமல் பார்த்துச் செல்வார்கள். பார்த்து முடித்த இடம் வரைபடத்தில் குறிக்கப்படும்.

இதில் தொண்டர் முதலில் கற்க வேண்டியது கட்டுப்பாடு. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதை நாம் அறிவோம். தேடும் குழுவிலும் அப்படித்தான். உள்ளே போகுமுன் பேர் எழுதப்படும். வெளியே வந்ததும் மீண்டும் பேர் கூப்பிடப்படும். தலைவர் சொன்ன பகுதியை விட்டு வேறு பக்கம் போகக் கூடாது. திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும். தேடப் போனவரே காணாமற்போனால், அவரைத் தேட இன்னொரு குழுவை அனுப்ப வேண்டியிருக்கும். முதலில் காணாமற்போனவருக்கு அதனால் எத்தனை நஷ்டம்!

இந்தத் தொண்டில் ஆபத்தும் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பூச்சோங்கில், பழைய ஈயக் குட்டையில் விழுந்த ஓர் இளைஞனைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்புத் துறை வீரர்கள் ஆறு பேர் நீரோட்டத்தில் சிக்கி மாண்டனர். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சியில்லாத நாம் ஆற்றில் குதிக்கலாமா? மழைக்காலத்தில் மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு, மேலே பெய்த மழையைக் கீழே நிற்பவர் அறியுமுன்னே வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு பகாங் மாநிலம் மாரான் அருகே லூபோக் யூ என்னும் இடத்தில் நீரில் மூழ்கிய ஓர் இளைஞனைத் தேடும் பணியில் கிராமத்தாரும் கலந்துகொண்டார்கள். அதன் பின்னர் எட்டுப் பேர் கிருமித் தொற்றால் இறந்தார்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சலும், மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் நோயுமே அங்கே பரவியவை. இனிப்பு நீர் உள்ளவர்களை மெலியோய்டோசிஸ் எளிதில் பற்றும். ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்களும் உடம்பில் ஆறாத புண் உள்ளவர்களும் சேற்றிலும் நீரிலும் இறங்க வேண்டாம். இறங்கியவர் யாராயினும், சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் சென்று, “நான் தேடும் வேலைக்குப் போயிருந்தேன்” என்று மறவாமல் சொல்ல வேண்டும்.

சரி, எங்கே சேருவது? மலேசியப் பொதுத் தற்காப்புப் படை தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்சி அளிக்கிறது. அதன் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். தீயணைப்பு மீட்புத் துறையின் ஆதரவில் பல ஊர்களில் தொண்டூழியத் தீயணைப்புப் படைகள் இயங்குகின்றன. அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். செம்பிறைச் சங்கத்தில் முதலுதவி கற்கலாம். முதலுதவி, வரைபடமும் திசைகாட்டியும் பார்த்தல், கயிறு முடிச்சு, வானொலிக் கருவியில் பேசுதல், தூக்குக் கட்டிலில் ஆளைச் சுமத்தல் ஆகியவை தொண்டருக்குப் பயன்படும் பாடங்கள். ஆண்களோடு பெண்களும் சேரலாம். காட்டுக்குள் நடக்க முடியாதவருக்கும் வேலை உண்டு. பேர்ப் பட்டியல் எழுதவும், சமைக்கவும், காணாமற்போனவரின் வீட்டாரோடு இருந்து விவரம் கேட்டுச் சொல்லவும் ஆள் வேண்டும். அதிகாலையில் எழுந்து மேடு பள்ளத்தில் நடந்து பழகிய நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமை ஏற்கனவே இருக்கிறது. அதோடு பயிற்சியும் சேர்ந்தால் எந்தக் குழுவும் அவர்களை வரவேற்கும்.

படையில் சேராதவர்களும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: வழி தெரியாமல் போனால் நடக்காதே, வெட்டவெளிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் இரு, ஓடைக்குள் இறங்காதே, மும்மூன்று தடவையாக விசில் ஊது. இன்னொன்றையும் கட்டாயம் சொல்லுங்கள். “நீ தொலைந்துபோனதற்காக உன்னை அடிக்கமாட்டோம். உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் உன்னைக் காப்பாற்ற வந்தவர்கள்” என்று சொல்லுங்கள். அடி விழுமே என்ற பயத்தாலும், தெரியாதவர் குரலுக்கு அஞ்சியும் சில குழந்தைகள் பதில் கொடுக்காமல் ஒளிந்துகொள்வது உண்டு. தேடுகிறவர் பக்கத்திலேயே வந்தும் கண்டுபிடிக்காமல் போய்விடக் கூடும்.

நேயர்களே, அடுத்த தடவை உங்கள் தோட்டத்தில் ஒருவர் காணாமற்போனால், உடனே தகவல் சொல்லவும், அந்த இடத்தைக் காக்கவும், பேரெழுதி முறையாக உள்ளே போகவும் தெரிந்த நாலு பேராவது அங்கே இருக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து வரட்டும்.