வாழையடி வாழையும் மிக்கி 17-உம்

ஸ்ரீரங்கத்துப் பக்கம் வாழைத்தோட்டத்தில் குலை வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? குலையை இறக்கியதும் தாய்மரத்தை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். யாரும் வருந்துவதில்லை. அடியில்தான் பக்கக்கன்று நிற்கிறதே! மறுதாம்பில் அதுவும் அதே பழத்தைத் தரும்.

2025-இல் வெளிவந்த 'மிக்கி 17' திரைப்படத்தின் நாயகன் நிலையும் இதுதான். இயக்கியவர் தென்கொரியாவின் பாங் ஜூன்-ஹோ. கடன்காரனுக்குப் பயந்து வேற்றுக்கோளுக்குப் புறப்படும் மிக்கி, விண்ணப்பத்தைச் சரியாகப் படிக்காமல் ஒரு வேலையில் சேர்கிறான். சாவதுதான் அந்த வேலை! கதிர்வீச்சையும் புதுக் கிருமியையும் அவன் உடலில் சோதிப்பார்கள். செத்தால் இயந்திரத்தில் இன்னொரு மிக்கியை அச்சிட்டு, பழைய நினைவுகளை ஏற்றிவிடுவார்கள். பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. உடனே சிரித்ததற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

இது நடக்குமா?

'குளோன்' என்ற சொல்லின் மூலம், சிறு கிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நாம் உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லை. கன்றிலிருந்து கன்றாகவே பெருகுவதால் வாழையும் ஒரு குளோன்தான்.

விலங்குகளில் இது எளிதன்று. 1996-இல் ஸ்காட்லாந்தில் ஆறு வயது ஆட்டின் மடிச் செல்லிலிருந்து 'டாலி' என்ற ஆட்டுக்குட்டியை உருவாக்கினார்கள். அதற்காகத் தயாரித்த கருமுட்டைகள் 277. பிறந்த குட்டி ஒன்றே! நம் நாட்டில் 2009-இல் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் எருமைக் கன்று பிறந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். டாலி ஆறு வயது ஆடாகப் பிறக்கவில்லை. பால் குடிக்கும் குட்டியாகவே பிறந்தது. மரபணு உடலைக் கட்டும் குறிப்புகளைத் தாங்கும். கற்ற தொழிலையும் பட்ட அனுபவத்தையும் தாங்காது. திறமையான தச்சரைக் குளோன் செய்தால் கிடைப்பது தொட்டிலில் அழும் குழந்தைதான்! உளியைப் பிடிக்க அது முதலிலிருந்து கற்கவேண்டும்.

ஒரே பூட்டு, ஒரே சாவி

எல்லாம் ஒன்றுபோல இருப்பதில் ஆபத்தும் உண்டு. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதுமல்லவா? உலகச் சந்தையை ஆண்ட 'குரோ மிஷெல்' வாழையைப் பனாமா வாடல் நோய் அப்படித்தான் வீழ்த்தியது. 1960-களுக்குள் அதன் இடத்தைக் கேவண்டிஷ் பிடித்தது. இன்று அதே பூஞ்சையின் புதிய வகை கேவண்டிஷையும் தாக்குகிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது காணப்பட்டுள்ளது. 1993-இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பலநூறு வாழை வகைகளைச் சேர்த்துப் பேணுவது இதனால்தான். நோயைத் தாங்கும் பண்பு அவற்றுள் எதில் ஒளிந்திருக்கிறதோ!

படத்தில் மிக்கி 17 இறந்துவிட்டதாக எண்ணி 18-ஐ அச்சிட்டுவிடுகிறார்கள். 17 உயிரோடு திரும்புகிறான். ஒரே உடல், ஒரே நினைவு. ஆனால் 17 சாது, 18 முரடன்! படியெடுத்தவர்களாலும் ஒரே ஆளை இருமுறை செய்ய முடியவில்லை.

இந்த இயந்திரம் கற்பனைதான். 'நீ போனால் இன்னொருவன்' என்ற பேச்சு கற்பனையன்று. வேலை செய்யும் இடங்களில் அதைக் கேட்டவர்கள் பலர். வாழைக்கு மாற்று, பக்கக்கன்று. மனிதனுக்கு?

அடுத்த முறை வாழைக் கொல்லைக்குப் போனால் ஒரு தாய்மரத்தின் அடியில் எத்தனை கன்றுகள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வேறுபாடு விளங்கும்.